துவக்குப் படிப்பு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தவரை துவக்கு என்பது எங்களுக்கு இரவுச் செய்தியில் வருகிற சாமான். பீற்றர்பரோப் பக்கம் வீடு மாறிய பிறகு நிலைமை வேறு. செப்ரெம்பர் பிறந்ததும் வேலைத்தளத்தில் பாதிப் பேருக்குக் காட்டு வாத்து வேட்டைக் கதைதான். என்னையும் கூப்பிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு ஷொட்கனை வாங்கி வைத்திருக்க வேண்டுமென்றால் முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை இரண்டிலும் 80 சதவீதம் எடுத்த பிறகுதான் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

"இஞ்சருங்கோ, துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. சோதனைச்சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வயிற்றுக்கு நேரே நீண்டிருக்கும் குழலைக் காணாத மாதிரி நடந்த ஆக்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, வகுப்பில் ஆசிரியர் சொன்ன முதல் விதிகள் எனக்கு உடனே மனதில் ஏறிவிட்டன. எந்தத் துவக்கையும் தோட்டா போட்டிருப்பதாகவே நினை. குழல்வாய் எப்போதும் பாதுகாப்பான பக்கம் பார்க்கட்டும். சுடும் நேரம் வரும்வரை விரல் விசையிலும் வேண்டாம், விசையைச் சுற்றியிருக்கிற காப்பு வளையத்துக்குள்ளும் வேண்டாம். வெறுமையா என்று நீயே பார்த்து நிச்சயப்படுத்து.

இந்தக் கடைசி விதியில் மனுசன் சரியான கண்டிப்பு. ஒருவர் திறந்து பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தால், வாங்குகிறவரும் அறையை, அதாவது சுடும்போது தோட்டா இருக்கிற இடத்தை, மறுபடி பார்க்க வேண்டும். முன்னவர் பார்த்தது கணக்கில் இல்லை. வெளிச்சம் குறைந்தால் சின்னவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முகத்தாட்சண்யம் பார்க்கிற எங்கள் ஆக்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். இங்கே அதை யாரும் அவமதிப்பாக எடுப்பதில்லை.

வகுப்பில் பயன்படுத்தியது மருந்தில்லாத போலித் தோட்டாக்கள். முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் ஷொட்கனில்தான் நிறைய நேரம் போனது. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தவறிச் சுடாமல் விசையைத் தடுக்கிற சேஃப்டியைப் போட்டு, முன்பிடியைப் பின்னால் இழுத்துத் திறந்து, அறையும் குழலும் வெறுமை என்று பார்த்த பிறகு மூட வேண்டும். அதன் பிறகுதான் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குழலுக்குக் கீழே தோட்டாக்கள் நிற்கிற குழாய்க்குள் தள்ளுவது. முன்பிடியை இழுத்துத் தள்ளினால் ஒன்று அறைக்குள் ஏறும். பிசகு நடப்பது இறக்கும்போது. அறையிலிருந்த தோட்டா வெளியே விழுந்ததும் வேலை முடிந்தது போலத் தெரியும். கீழ்க் குழாயில் இன்னொன்று இருந்தால் அடுத்த இழுப்பில் அது அறைக்கு வந்துவிடும். ஆகவே குழாய், தோட்டா ஏறும் பாதை, அறை மூன்றையும் பார்த்துத்தான் வெறுமை என்று சொல்லலாம். சேஃப்டியை நம்பி எதுவும் செய்யாதே, அதுவும் பழுதாகக்கூடிய ஓர் இரும்புத் துண்டுதான் என்றார் ஆசிரியர்.

தோட்டாவின் அளவு தனிப் பாடம். 12 கேஜ் என்றால், அந்தக் குழலின் விட்டத்துக்குச் சரியான 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு றாத்தல். அதனால் எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 20 கேஜ் 12ஐ விடச் சிறிது. 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள், காரணம் பயங்கரமானது. அதை 12 கேஜ் துவக்கில் போட்டால் வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கி நிற்கும். அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம். நீளமும் அப்படித்தான். பெட்டியில் மூன்று அங்குலம் என்று போட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் கட்டை. இரண்டே முக்கால் அங்குல அறைக்குள்ளும் அது போய்விடும், ஆனால் விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். ஆகவே குழலில் பொறித்திருப்பதையும் தோட்டாவில் இருப்பதையும் ஒப்பிட்டு வாசிக்காமல் ஏற்றக் கூடாது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடியே 60 செக்கன் நிற்க வேண்டும். மருந்து சுணங்கிப் பற்றலாம். வேலி கடக்க வேண்டுமென்றால் தோட்டாவை இறக்கி, துவக்கை வேலிக்கு அடியால் வைத்துவிட்டுப் பிறகு ஏறு.

சோதனை முடிந்து படிவம் நிரப்பும்போது கணவன் அல்லது மனைவியின் கையெழுத்தும் கேட்டார்கள். போடாவிட்டால் விண்ணப்பத்தைப் பற்றி அதிகாரிகளே அவருக்கு அறிவிப்பார்களாம். மனைவி படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள். "பூட்டு எங்க, திறப்பு எங்க எண்டு முதல் சொல்லுங்கோ" என்றாள். வெறுமையாக, பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டாவைத் தனிப் பெட்டியில் பூட்டச் சொன்னது அவள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. முதல்முறை விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. அட்டை வர அதைவிடக் கூடவே ஆனது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விசயம். வாத்துச் சுடத் தோட்டாவுக்குள் இருக்கிற சின்ன உருண்டைகள் ஈயச் சன்னமாக இருக்கக் கூடாது, இரும்புச் சன்னம் போன்றவைதான். துவக்கில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பும் வேண்டும். போகிற வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பிக்கு இறங்கினால், துவக்கு வெறுமையாக டிக்கியில் பூட்டி இருக்க வேண்டும், பின் சீற்றில் அல்ல.