கடற்கரையில் கத்தினால் குரல் வளராது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டை கரகரத்து இரண்டு வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால், பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று நாளைக் கடத்தாதீர்கள். நான் ஐந்து வாரம் கடத்தினேன். முதலாண்டு நாடகத்தில் கிடைத்திருந்த நல்ல வேடம் கையை விட்டுப் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நாடகப் படிப்பில் சேர்ந்ததும் உடற்பயிற்சி, மேடை அசைவு எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் போயின. குரல்தான் தகராறு. ஒத்திகையில் தினமும் “பின்னாடி கேக்கல” என்று ஒரு குரல் வரும். பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அண்ணா ஒருவர் என்னையும் இன்னும் இருவரையும் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். விடியற்காலை ஐந்தரை மணி. அலையைப் பார்த்து நின்று, அந்த இரைச்சலை மிஞ்சி வசனம் சொல்ல வேண்டும். “கிட்டப்பா, சுந்தராம்பாள் எல்லாம் அந்தக் கால நாடக மேடையில மைக்கே இல்லாம பாடினவங்க. இப்படிக் கத்தித்தான் குரல வளத்திருப்பாங்க” என்றார். நம்பினேன். மூன்று வாரம் ஒரு நாள் தவறாமல் போனேன்.

முதலில் காலையில் மட்டும் கரகரப்பு இருந்தது. அப்புறம் மதியம் வரை நீடித்தது. ஒரு நாள் அம்மாவிடம் போனில் பேசும்போது சில சொற்களில் வெறும் காற்றுதான் வந்தது. “யாருடி பேசறது?” என்று அம்மா கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அரசு மருத்துவமனைக்கு முதல் தடவை பதினொன்றரைக்குப் போனேன். ஓ.பி. சீட்டு கொடுத்து முடித்துவிட்டார்கள். மறுநாள் ஏழரைக்கே வரிசையில் நின்று காதுமூக்குதொண்டைப் பிரிவுக்குப் போனால், தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் ஸ்கோப் வாரத்தில் இரண்டே நாள், இன்றைக்கு இல்லை என்றார் கவுன்டரில் இருந்தவர். முந்தின நாள் இதே ஆளிடம்தான் விசாரித்திருந்தேன், அப்போது சொல்லவில்லை. நானும் ஒத்திகையை விட்டுவிட்டு வந்தவள். நீங்கள் போவதாக இருந்தால், “ஸ்கோப் எந்தக் கிழமை?” என்று அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை பார்த்தார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, “ஈ சொல்லும்மா” என்றார் டாக்டர். திரையில் என் குரல்நாண்களைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள், இரண்டிலும் நடுவுக்குச் சற்று முன்னால் எதிரெதிரே சின்ன வீக்கம். பெண் குரலில் இவை நொடிக்கு ஏறத்தாழ இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதுகின்றனவாம். கத்தும்போது மோதுகிற வேகமும் கூடும், உரசல் அந்த இடத்தில்தான் அதிகம். இன்னும் கெட்டியாகவில்லை, அறுவை சிகிச்சை தேவைப்படாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கேட்ட கேள்விகள் நான் எதிர்பார்க்காதவை. “ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுற?” ஒத்திகை முடிந்து பத்தரைக்குப் பரோட்டா, உடனே படுக்கை. வயிற்று அமிலம் மேலேறி வந்தும் குரல்நாண் புண்ணாகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமுவதும் கூடாது, ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். பத்து நாள் பேசாமல் இரு என்றார். கிசுகிசுப்பது பேச்சில் சேராது என்று நினைத்து அதைச் செய்துகொண்டிருந்தேன். அதில் தொண்டை இன்னும் இறுகுமாம், அதுவும் கூடாது என்று திட்டு வாங்கினேன்.

பத்து நாள் நோட்டில் எழுதிக் காட்டியே ஓட்டினேன். வேடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்தார்கள். சரி, வேறு வழியில்லை.

அதற்கப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா கொடுத்த முதல் பயிற்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு உறிஞ்சுகுழலும் போதும். குழல் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இருக்க வேண்டும். குழல் வழியாக ‘ஊ’ என்று மெல்ல ஒலிக்க வேண்டும், குமிழிகள் ஒரே சீராக எழ வேண்டும். குமிழி திக்கினால் மூச்சு திக்குகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கு வேளை. அப்புறம் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு புத்தகம் வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ‘ஸ்ஸ்’ என்று காற்றை விட வேண்டும். முதல் நாள் 11 நொடி வந்தது. இரண்டு மாதத்தில் 24 ஆனது. தோள் உயர்ந்தால் அந்த மூச்சைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

குரல் திரும்பியதும் எங்கள் குரல் வகுப்பு ஆசிரியரிடம் கடற்கரைக் கதையைச் சொன்னேன். திறந்த வெளியில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வராது, அலை இரைச்சலில் நம் குரலே நமக்குக் கேட்காது, அதனால் நம்மையறியாமல் தொண்டையை நெரிப்போம் என்றார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபா போன்ற நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் வாத்தியாரிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர்கள், அதை மூன்று வாரக் கத்தலோடு சேர்க்காதே என்றும் சொன்னார். படிப்பில் சேர்ந்த முதல் வாரமே இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்றுதான் எனக்கு உண்மையில் வழி திறந்தது. என் சத்தம் போதாமல் இல்லை, வாக்கியத்தின் வால்தான் விழுந்துகொண்டிருந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். “அந்தக் கதவை அன்றைக்கு நான் திறக்கவே இல்லை” என்று ஒரு வசனம். நான் ‘அந்தக் கதவை’யில் பாதி மூச்சைக் கொட்டிவிடுவேன். ‘இல்லை’ முன்வரிசையைக்கூடத் தாண்டாது. ‘திறக்கவே’ வரை கேட்டவர்கள் கதவைத் திறந்தேனா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். “உயிரெழுத்து சத்தத்தைத் தூக்கிட்டுப் போகும். மெய்யெழுத்துதான் அது எந்த வார்த்தைன்னு காட்டும். ‘ல்’லுல நாக்கை அழுத்தும்மா” என்றார். வசனத்தைப் பின்னாலிருந்து சொல்லிப் பழகினேன்: இல்லை, திறக்கவே இல்லை, நான் திறக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் இருக்கிறதா என்று கையை விலாவில் வைத்துப் பார்த்தேன்.

இந்தப் பருவத்து நாடகத்தில் அதே வசனம் எனக்கு வந்தது. முழு ஒத்திகையன்று இயக்குநர் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முடிந்ததும் என் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். நடையைப் பற்றி மூன்று திருத்தம், கை அசைவைப் பற்றி ஒன்று. அந்த வரிக்கு எதிரே எதுவும் எழுதியிருக்கவில்லை.