உறையாத பால்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் "பால் உறைஞ்சாச்சா?" என்று யாராவது கேட்டால் ஒருவரும் அடுக்களையை எட்டிப் பார்க்க மாட்டார்கள். கேள்வி ரப்பர் மரத்துப் பாலைப் பற்றியது. மாமா வீட்டிலும் அப்படித்தான். இருப்பது அரை ஏக்கர், பேச்சில் மட்டும் எஸ்டேட்.

அன்று மரம் வெட்டிப் பால் வடிக்கும் வெட்டுக்காரர் பாலெடுத்து வைத்துவிட்டு ஏதோ கல்யாணத்துக்கு ஓடிவிட்டார். மாமா வழக்கம்போல் தண்ணீர் சேர்த்து, அரித்து, டிஷ் என்கிற தட்டங்களில் ஊற்றி, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டை நீர்த்துக் கலக்கினார். மறுநாள் காலையில் உறைந்த கட்டியை ரோலரில் விட்டு ஷீட் அடிக்கப் போனால் பால் பாலாகவே கிடக்கிறது.

"கடைக்காரன் ஆசிட்டுல வெள்ளத்தக் கலந்துட்டான்!" என்றார் மாமா. வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர்.

இன்னும் கொஞ்சம் ஆசிட் விட்டார். பால் அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, அமாவாசை அடுத்து வருவதால் இப்படித்தான் இருக்கும் என்றார். அத்தையோ, மழையில் பாலே வெள்ளமாகத்தான் வருகிறது என்றாள்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மாமா மகள் ஒரு துணியில் மஞ்சளைக் குழைத்துத் தடவி டிஷ்ஷில் முக்கினாள். துணி செக்கச்செவேல் என்று ஆனது.

"என்ன மக்களே, ரப்பர் பாலுக்கு ஆரத்தியா எடுக்க?"

"ஆரத்தித் தண்ணி எதுக்குப்பா செவக்குது? சுண்ணாம்பு போடுகதாலதான. இதுலயும் ஆசிட்டுக்கு எதிரான ஏதோ காரம் கெடக்கு. யாரோ அமோனியா விட்டிருக்காவ."

அமோனியா நாற்றம் ஊரையே கூட்டும். ஆனால் மாமாவுக்கு மழை தொடங்கிய நாள் முதல் மூக்கடைப்பு. எனக்கு வந்த நெடி ரப்பர் வீட்டு நெடிதான் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களுக்கு எதிர்மின்சுமை உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். ஆசிட் விட்டு, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5 வரை இறங்கினால் அந்தத் தள்ளுமுள்ளு அடங்கிக் கட்டியாகும். அமோனியா இதற்கு நேர் எதிர். பாலை உறையவிடாமல் காக்கத்தான் அதை விடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் அமோனியம் ஃபார்மேட் என்கிற உப்பாகிவிடும். ஆக, மாமா விட்ட ஆசிட் அத்தனையும் அமோனியாவின் பழைய கடனை அடைக்கவே போய்க்கொண்டிருந்தது. பாலுக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

மகள் இதைச் சொல்லக் கேட்டதும், "அப்போ கடனை ஒரேயடியா அடைச்சிருவோம்" என்று மாமா 85 சதவீத ஆசிட்டை நீர்க்காமலே ஒரு டிஷ்ஷில் கவிழ்த்தார். கையில் பட்டால் புண்ணாக்கும் சரக்கு அது. நாங்கள் நாலடி பின்னால் போனோம். விழுந்த இடமெல்லாம் சட்டென்று இறுகி, நடுவில் பாறையும் ஓரத்தில் குளமுமாக நின்றது. ரோலருக்குள் தலையைக்கூட நுழைக்க மாட்டேன் என்றது. அது நேராக ஒட்டுப்பால் என்கிற கழிவு ரப்பர் சாக்குக்குப் போனது.

மீதி டிஷ்களை மகள் எடுத்துக்கொண்டாள். நீர்த்த ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மஞ்சள் துணி சிவக்காமல் போகிற வரை பொறுத்து, அதற்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் விட்டாள். மஞ்சள் சிவக்கவில்லை என்றால் காரம் தீர்ந்தது என்றுதான் அர்த்தம், உறைய மேலும் வேண்டுமாம். சாயங்காலம் ஷீட் அருமையாக இறங்கியது. தெருவில் போனவர்களிடமெல்லாம் மாமா, "நான்தான் மஞ்சள் வெச்சுக் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய வெட்டுக்காரர் வெற்றிலையோடு வந்து நின்றார்.

"அண்ணா, பால் கெடாம நின்னுதா? நீங்க எப்ப எடுப்பியளோன்னு பயந்து, பக்கத்துத் தோட்டத்துல அமோனியா வாங்கி நாலு மூடி கூடுதலாவே விட்டுட்டுப் போனேன்."