நாற்பது நொடி ரீலும் 200ஆவது உறுப்பும்

சேலத்தில் அரசியல் அறிவியல் கற்பிக்கும் நான், இந்தப் பருவத்தில் பாடத்தைப் புத்தகத்திலிருந்து அல்லாமல் மாணவர்களின் கைபேசியிலிருந்து தொடங்குகிறேன். ஏற்காடு அடிவாரத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், சென்ற வாரம், கீறல் விழுந்த திரையில் நாற்பது நொடி ரீல் ஒன்றைக் காட்டினார்; சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பவே முடியாது என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

உடனே அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது உறுப்பை வரிவரியாக உரக்கப் படித்தோம். பண மசோதா (வரி, அரசு நிதி பற்றியது) அல்லாததை ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், ஆனால் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. மசோதாவை அப்படித் திருப்பி அனுப்புவதற்கு அங்கே சொல்லப்படும் ‘கூடிய விரைவில்’ என்ற சொல்லில் மட்டும் அரை மணி நேரம் நின்றோம். நாள் கணக்கு எதையும் சொல்லாத அந்தச் சொல்லைச் சுற்றி ஏன் உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயின என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. துண்டுச் செய்தியை அவர்கள் தேடிப் போகவில்லை, அதுதான் அவர்களைத் தேடி வருகிறது. முழு வாசகத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை.

அடுத்த வாரம், 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய சேலம் மாநாட்டைப் பற்றி உலவும் ரீல்களை அவர்கள் கொண்டுவருவார்கள், நான் தீர்மானங்களைக் கொண்டுவருகிறேன்.