விட்டுவைத்த கரைக்காடு

மரம் வெட்டி முடிந்து லாரிகள் கிளம்பிய பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். வெட்டிய நிலத்துக்கும் ஓடைக்கும் நடுவே விட்டுவைத்த காட்டை நடந்து பார்த்து, என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் "தொடாதீர்கள்" என்றுதான் சொல்கிறேன். அதைக் கேட்க வைப்பதுதான் கஷ்டம்.

முதல் பெருங்காற்றிலேயே அங்கே மரம் சாயும். இத்தனை காலம் காட்டுக்குள் மறைவாக வளர்ந்த மரங்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஓடையோர ஈரமண்ணில் வேரும் ஆழம் போயிருக்காது. வெட்டிய முதல் சில ஆண்டுகளில்தான் சாய்வது அதிகம். உடனே உரிமையாளர், "நல்ல மரம் வீணாகிறதே, இழுத்துவிடலாமா?" என்பார்.

வேண்டாம். ஓடையின் குறுக்கே கிடக்கும் அடிமரத்தைத் தாண்டி விழும் நீர் கீழே குழி பறிக்கிறது, மேலே சரளையைத் தேக்குகிறது. மீனுக்கு ஒதுங்க அந்தக் குழி, முட்டையிட அந்தச் சரளை. இயந்திரம் விட்டு இழுத்தால் கரை கிழிந்து, சேறு அந்தச் சரளையிலேயே போய்ப் படியும். கீழே பாலமோ மதகுக்குழாயோ இருந்து, மரம் போய் அடைக்கும் என்றால் மட்டும் துண்டு போட்டு எடுக்கச் சொல்வேன். வெட்டும்போது ஓடைக்குள் விழுந்த பச்சைக் கிளைக் குவியல் வேறு விஷயம். மெதுவாக ஓடும் நீரில் அது அழுகினால் ஆக்சிஜன் குறையும். சீக்கிரமே கையால் அள்ளிவிட வேண்டும்.

மிச்சம் நிற்கும் மரங்களையும் விற்றுவிடலாம் என்பவர்களிடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோர மலைகளில் நடந்த அல்சி ஆய்வைத்தான் சொல்வேன். 1966-ல் நீடில் பிராஞ்ச் ஓடையைக் கரை வரை மொட்டையடித்தார்கள். ஆண்டின் உச்ச வெப்பம் சுமார் 14 டிகிரி செல்சியஸாக இருந்த நீர், அடுத்த ஆண்டே 29 டிகிரியைத் தொட்டது. அருகிலுள்ள டீர் கிரீக்கில் கரையோர மரத்தையும் புதரையும் விட்டுவிட்டு வெட்டினார்கள். அங்கே வெட்டியதால் நீர் சூடானது என்று சொல்ல எதுவுமில்லை. நிழல்தான் காரணம்.

வேர் விஷயத்தில் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். மறுபடி துளிர்க்காத அடிக்கட்டையின் வேர் உடனே மட்காது. சில ஆண்டுகள் கழித்துத்தான் பிடி விடும். புதுக் கன்றுகளின் வேர் அதற்குள் போதுமான அளவு பரவியிருக்காது. எல்லோரும் அந்த இடத்தை மறந்துவிட்ட சமயத்தில் சரிவு இளகும். கரையை ஒட்டிய செங்குத்தான சரிவில் ஒரு மரத்தைக்கூட வெட்டாதீர்கள் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

அப்புறம், கட்டை இழுத்த தடங்கள். மழைநீர் தடத்தோடு திரண்டு வந்தால் எவ்வளவு அகலமான கரைக்காட்டையும் வாய்க்கால் போல அறுத்துக்கொண்டு ஓடையில் சேறாக இறங்கும். பரவலாக வரும் நீரைத்தான் சருகும் மண்ணும் வடிகட்டும். அதனால் மேலேயே தடத்தின் குறுக்கே சாய்வாக மண்மேடு போட்டு நீரைப் பக்கவாட்டில் பிரித்துவிட வேண்டும். மேடு வேலை செய்கிறதா என்று பார்க்க மழை கொட்டும்போதே போங்கள். ஓடையில் கலங்கல் சேரும் இடத்திலிருந்து மேலே ஏறினால், உடைந்த மேடு எது என்று தெரிந்துவிடும்.