ஒதுக்கி எடுத்த உறைகள்

"சார், வண்டிய நிறுத்தவா, ஓரமா ஒதுக்கி எடுத்துடவா?" ஜேசிபி ஓட்டுநர் கேட்டது இவ்வளவுதான். "ஒதுக்கி எடுத்துடு தம்பி" என்றேன். குளத்தின் வடகரைச் சரிவில், வண்டலுக்கு அடியில், பழங்காலக் கிணறு ஒன்றின் சுடுமண் உறைகள், அதாவது வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு. தண்ணீர் வருவதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டும். விட்டுவைத்தால் தண்ணீரில் போய்விடும், அல்லது ராத்திரியோடு ராத்திரியாக யாராவது உடைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. இரண்டாவது நியாயம் இன்னும் நிற்கிறது. முதலாவது நிற்கவில்லை. அந்த உறைகள் இத்தனை காலம் முழுசாக இருந்ததே ஈரக் களிமண்ணுக்குள்தான். சுட்ட மண் கெடுவது மாறி மாறி நனைந்து காய்வதால். ஊறிய உப்பு மேலே பூத்து, தோல் செதில் செதிலாக உரியும். வெயிலில் எடுத்து வைத்தது நாம்தான்.

டெல்டா மண்ணில் கிணறு தோண்டினால் பக்கம் சரியும். அதைத் தாங்கத்தான் உறை. பூம்புகார்ப் பக்கமும் இப்படிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் உறையைவிட, உள்ளே அடைந்த மண்தான் முக்கியம். கயிறு அறுந்து விழுந்த குடம், கிணறு தூர்ந்தபின் கொட்டிய சாம்பல், குப்பை எல்லாம் கீழிருந்து மேலாக வரிசையாகக் கிடக்கும். ஜேசிபி பக்கெட் ஒருமுறை கிளறினால் பழங்காலக் கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் நேற்றைய செங்கல்லும் ஒரே குவியல்.

செய்ய வேண்டியிருந்தது அதிகமில்லை. வண்டியைச் சில மீட்டர் பின்வாங்கச் சொல்லி, சுற்றிலும் கயிறு கட்டியிருக்கலாம். தொடுவதற்கு முன் அளவுகோலும் வடக்கு அடையாளமும் வைத்துப் படம், சர்வே எண், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்ற குறிப்பு. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு ஒரு கடிதம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். ஆள் வரும்வரை ஈரச் சாக்கு. தண்ணீர் முந்திக்கொண்டால் பருத்தித் துணி போர்த்தி, மேலே ஆற்றுமணல் நிரப்பி மூடலாம், பாலித்தீன் கூடாது. இவ்வளவுக்கும் ஒரு பகல் போதும்.

போதுமா? அடுத்த வருஷம் வேறு வண்டி, வேறு ஓட்டுநர். புறம்போக்குக் குளத்துக்குக் காவல் யார்? எடுத்ததால்தான் உறைகளாவது மிஞ்சின என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், கிணற்றையே அழித்துவிட்டு வளையங்களைக் காப்பாற்றியதாகத் தோன்றும்.

ஐந்து உறைகள் அலுவலகத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. ஒன்றின் விளிம்பில், குயவர் அழுத்திய விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது. இறக்கி வைத்தபோது அந்தத் தம்பியே சாக்பீஸால் எண் போட்டார். 3 என்றிருப்பது மேலிருந்து மூன்றாவதா, இறக்கிய வரிசையில் மூன்றாவதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.