சிவப்பு ஸ்லைடர்: நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

பழைய பிலிமின் சிவப்பைத் தணிக்க நான் எழுதும் ப்ளக்இன்னை (வீடியோ எடிட்டருடன் சேரும் துணை நிரல்) மெல்ட் என்ற டெர்மினல் கருவி ஒருவழியாக அடையாளம் கண்டுகொண்டது. டெர்மினலில் ஃபில்டர் பட்டியலை ஓடவிட்டால் பெயர் வருகிறது. கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரில் மட்டும் சுவடே இல்லை. நான் வைத்திருந்தது அதன் ஆப்இமேஜ், நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புப் பொதி. அது ஃப்ரெயோர் என்ற பொது வடிவத்தில் எழுதிய, என்னுடையது போன்ற ப்ளக்இன்களைத் தன் பொதிக்குள்ளேயே தேடும். ஹோம் ஃபோல்டரில் நாம் போட்டு வைத்ததை ஏறிட்டும் பார்க்காது. லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் பதிப்பை நிறுவியதும் வந்துவிட்டது. ப்ளக்இன்னுக்கான பயன்பாட்டு ஆவணத்தில் முதல் வரியே இதுதான், நிறுவும் முறைக்கும் முன்னால்.

மார்ச் 4, புதன்

கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து. மாலை வரை எழுத்தெல்லாம் புகை.

மார்ச் 5, வியாழன்

எக்ஸ்எம்எல் நாள்: ப்ளக்இன்னின் ஸ்லைடர்களைக் கேடென்லைவுக்கு விவரிக்கும் கோப்பு. ஃப்ரெயோரில் எண் அளவுரு எதுவானாலும் 0 முதல் 1 வரைதான். எடிட் செய்கிறவரிடம் 0.37 என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? மேக்ஸ் 100, ஃபேக்டர் 100 என்று போட்டால் ஸ்லைடரில் 37 தெரியும், உள்ளே 0.37 போகும். டைப் கான்ஸ்டன்ட் என்று விட்டால் கீஃப்ரேம் கிடையாது, அதாவது படம் ஓட ஓட மதிப்பை மாற்ற முடியாது. அனிமேட்டட் என்று மாற்ற வேண்டும்.

அளவுருக்களை 0, 1, 2 என்று வரிசை எண்ணால் குறித்திருக்கிறேன். பின்னாளில் யாராவது நடுவில் ஒன்றைச் செருகினால் பழைய ப்ராஜெக்ட்கள் அத்தனையும் குழம்பிப்போகும். புதிய அளவுரு கடைசியில்தான் வர வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதினேன். அப்படியும் ஒருவர் செருகுவார், பார்க்கலாம்.

மார்ச் 7, சனி

இந்த நிறம் என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய கலர் பிலிம் பலவற்றில் சயான் சாயம் முதலில் வெளுத்துவிடும், மிச்சம் சிவந்து நிற்கும். அந்தச் சிவப்பைத் தணிப்பதுதான் ப்ளக்இன்னின் ஒரே வேலை. இன்று சோதனை கிளிப்பில் ஒருவரின் வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தெரிந்தது. இடக்கண்ணை மூடினேன். வெள்ளை. வலக்கண்ணை மூடினேன். பழுப்பு. நிறங்களைத் தாங்கும் பைட்களின் வரிசை தவறியிருந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறி முகம் நீலம் பாய்ந்திருக்கும், அது ஒளிந்துகொள்கிற ரகம் இல்லை. அப்படியானால் பிழை நிரலிலா, கண்ணிலா? சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனிப் பட்டையாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடைத் திறந்தேன். சட்டை இருக்கும் இடத்தில் மூன்று பட்டையும் ஒரே உயரம். கணக்கு சரி.

மனசு ஒப்பவில்லை. பரேட் சரியென்று சொன்ன பிறகும் ஒரு மணி நேரம் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்லைடரை என் இடக்கண்ணுக்கு ஏற்ப நகர்த்தினால் மற்ற எல்லோருக்கும் படம் நீலமடிக்கும். இத்தனை வருஷமாக எந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கலர் பார்த்தேன் என்று யோசிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

ஆவணத்தில் "கண்ணை நம்பாதீர்கள்" என்று எழுதி அழித்தேன். நாடகமாக இருந்தது. "வெள்ளை அல்லது சாம்பல் பகுதியில் மூன்று பட்டைகளும் சமமாகும் வரை ஸ்லைடரை நகர்த்தவும்." போதும்.

மார்ச் 8, ஞாயிறு

ப்ளக்இன்னைப் பரிசீலனைக்கு அனுப்பியதற்குப் பதில் இல்லை. ஞாயிறு என்று தெரிந்தும் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

"அக்கா, ஆட்டோன்னு ஒரு பட்டன் வச்சா என்ன?" என்கிறான் தம்பி. வைக்கலாம். முந்தைய ஃபிரேம்களின் சராசரியை நினைவில் வைத்துக்கொண்டு அதிலிருந்து திருத்தலாம். ஆனால் ப்ளேஹெட்டை (படம் ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) இழுத்து நடுவில் விட்டால் அந்த நினைவு பொய். முதலிலிருந்து ஓடி வந்தால் ஒரு நிறம், தாவி வந்தால் வேறு நிறம். ரெண்டரில் பல த்ரெட் ஒரே நேரத்தில் ஓடும்போது ஃபிரேம்கள் வரிசையாகத்தான் வரும் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆகவே முந்தைய ஃபிரேமின் மதிப்பை வைத்திருக்கும் ஸ்டாட்டிக் மாறி ஒன்றுகூட வேண்டாம். அதே ஃபிரேம், அதே அமைப்பு, அதே விடை. மற்றதைக் கீஃப்ரேம் போடுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். அவனுக்கு இது பிடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சிவப்பைக் குறைத்தால் படம் இருண்டுபோகிறது, ஒளியை ஈடுகட்ட வேண்டும். எச்டிக்கு 709 என்ற தரநிலையின் எடைகள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: 0.2126, 0.7152, 0.0722. பழைய எஸ்டி என்றால் 601: 0.299, 0.587, 0.114. 601இல் சிவப்புக்கு எடை கூடுதல், ஈடும் கூடுதல். ஒரு செக்பாக்ஸ். இதை விளக்கப் போய் ஒரு பக்கம் நீண்டது, பாதியை வெட்டினேன்.

இடக்கண்ணில் எல்லாமே அந்தி மாதிரி.

மார்ச் 11, புதன்

ஆவணத்தை மட்டும் தம்பி கையில் கொடுத்து, என்னைக் கேட்காமல் நிறுவச் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு..."

"கேக்காத."

கம்பைல் ஆனது. எக்ஸ்எம்எல்லைக் கேடென்லைவின் எஃபெக்ட்ஸ் ஃபோல்டரில் சரியாகவே போட்டான். அப்புறம் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தான். மென்பொருளை மூடித் திறக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவனாகவே கண்டுபிடித்தான், முகத்தில் அப்படியொரு எரிச்சல். வரியைச் சேர்த்தாயிற்று.

மார்ச் 12, வியாழன்

கண் அறுவைக்காக வெறும் வயிறு. பதில் வந்திருக்கிறது, இன்றைக்குப் பார்த்து. ஆல்ஃபாவை, அதாவது படத்தின் ஒளிபுகும் அளவை, ஏன் தொடவில்லை என்று பரிசீலிப்பவர் கேட்கிறார். நாலாவது பைட்டை அப்படியே கடத்துகிறேன், அதைப் பூஜ்யமாக விட்டால் கீழே இருக்கும் டிராக் தெரிந்துவிடும் என்று எழுத்தைப் பெரிதாக்கிப் போனிலேயே பதில் போட்டேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பாக்கி. தம்பி எடுப்பான், பரேட் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். லைசென்ஸ் கோப்பையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஜிபிஎல் 2, அல்லது அதற்குப் பிந்தியது.