உபின் தீவில் செக் ஜாவா

சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து உபின் தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், காசைப் படகோட்டும் அங்கிளிடம் கையில் கொடுக்க வேண்டியதுதான். அக்காவும் நானும் பத்தாவது, பதினோராவது ஆள். அப்புறம் ஒரு சீனப் பாட்டி சந்தைப் பையோடு வந்தார், கிளம்பிவிட்டோம்.

அக்காவுக்கு வாடகை சைக்கிள் ஆசை. எனக்கு நடைதான். சைக்கிளில் போனால் இருவாச்சியின் குரல் கேட்காது. சிங்கப்பூரில் காணாமல்போன இந்தப் பறவை 1994-இல் இந்தத் தீவில்தான் மறுபடி தென்பட்டது. எப்படியும் நாங்கள் பார்க்கப் போன செக் ஜாவா கடற்கரையின் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

இந்தக் கடற்கரையை மண் கொட்டி மூட இருந்தார்கள். இங்கிருக்கும் உயிர்களைத் தன்னார்வலர்கள் கணக்கெடுத்து, மக்களும் குரல் கொடுக்க, 2001 டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கடலுக்கு மேல் போகும் நடைபாதை 2007-இல் வந்தது.

கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்தான். நாங்கள் போனபோது சேறு முழுக்க நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிது, அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். “உங்க மாமா கல்யாண வீட்டுல நிக்கிற மாதிரியே இருக்குடா” என்றாள் அக்கா.

அங்கிருக்கும் ஜெஜாவி என்ற பார்வைக் கோபுரத்தில் ஏறினால் எதிரே மலேசியக் கரை. 1930-களின் ஆங்கிலேய பாணி வீடு ஒன்றும் உண்டு. குளிர்காய அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், இந்த ஊர் வெயிலில்!